இன்னும் கொஞ்சம் வேகட்டும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், அடுப்புகளுக்கு வாயும் வாய் நிறைய வம்பும் இருந்த நாளில், கிச்சிலிநாடு என்று ஒரு ராஜ்ஜியம். அங்கே பூதலிங்கம் என்றொரு மந்திரவாதி. வயது முந்நூறு. பல் ஒன்றுகூட இல்லை. நாக்குக்கு மட்டும் பதினாறு வயது. ஆரஞ்சு பிஸ்கட் வேண்டுமென்று அடம்.

"கையில எடுத்தா உடையக் கூடாது. வாயில போட்டா கரையணும். மூணு தட்டு சுடலாம். ஜெயிச்சா எல்லாருக்கும் விடுதலை. தோத்தா மரம்!" இதுதான் அவன் சட்டம்.

தோற்றவர்கள் முப்பத்தொன்பது பேர், அவன் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்களாக நின்றார்கள். அரண்மனைச் சமையல்காரர் ஒரு மரம். ராணியம்மா ஒரு மரம். கடைசி மரம், வடிவு என்ற பெண்ணின் அக்கா பேச்சி.

அக்காவை மீட்க ஒரு காலையில் வடிவு வந்தாள். மரத்தடியில் நின்று, "அக்கா, ரெண்டு பழம் எடுத்துக்கறேன், கோவிச்சுக்காதே" என்றாள். மரம் மூன்றாக உதிர்த்தது.

தோலைத் துருவினாள், வெள்ளை படாமல், பட்டால் கசக்குமே. துருவலைச் சர்க்கரையோடு பிசறினாள்; வீடே மணத்தது. வெண்ணெய் போட்டுக் குழைத்து, சாறு விட்டு, மாவும் ஒரு சிட்டிகை சோடா உப்பும் சேர்த்தாள். எலுமிச்சை அளவு உருட்டி, லேசாக அமுக்கி, முதல் தட்டைப் பூதலிங்கத்தின் அடுப்புக்குள் தள்ளினாள்.

அந்த அடுப்பு பொல்லாதது. யார் குரலிலும் பேசும். அது மந்திரவாதிக்கே தெரியாது!

ஓரம் சிவந்தது. வடிவு தட்டை எடுக்கக் கை நீட்டினாள். உடனே சமையல்காரர் குரல், அவருடைய இருமலோடு: "க்ஹும்! ஏம்மா, நடுவுல பச்சையா கெடக்கு பாரு. இன்னும் கொஞ்சம் வேகட்டும்!"

ஜன்னலுக்கு வெளியே மரம்தான் பேசுகிறது என்று நம்பி, தட்டை உள்ளேயே விட்டுவிட்டாள். பூதலிங்கம் ஈறால் கடித்தான். டொக்!

"ஒண்ணு போச்சு."

இரண்டாம் தட்டு. ஒன்றே ஒன்றை எடுத்து இலையில் வைத்ததுமே ராணியம்மா குரல்: "யாரங்கே! வேகாததை எடுக்கத் துணிந்தது யார்? இன்னும் கொஞ்சம் வேகட்டும்!"

மற்றவற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். டொக்!

"ரெண்டு போச்சு."

வடிவு தட்டை ஓரமாக வைத்தாள். இலையில் கிடந்த அந்த ஒன்றைச் சும்மா தொட்டுப் பார்த்தாள். எடுத்தபோது குழகுழவென்று இருந்தது, ஆறியபின் உடையாமல், பஞ்சாக இருந்தது! ஓஹோ!

மூன்றாம் தட்டு. ஓரம் சிவந்தது. இப்போது அக்காவின் குரல், தேனாக: "வடிவு, பொறுடி செல்லம். இன்னும் கொஞ்சம் வேகட்டும்."

வடிவின் கை அந்தரத்தில் நின்றது. அக்காவாயிற்றே! அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க அக்காவாவது பொறுக்கறதாவது! இட்லிப் பானையை ஆவி வர்றதுக்குள்ள மூணு தடவை திறந்து பாப்பா. யாருகிட்ட விடுறே கதை?"

தட்டை வெளியே இழுத்தாள். அடுப்பு புகையை விழுங்கி இருமியது.

பூதலிங்கம் விரலால் குத்திப் பார்த்தான். "அய்ய, கூழு! நீயும் மரம்தான்!" மந்திரக்கோலை ஓங்கினான்.

"கோலைக் கீழ வையுங்க ஐயா. முதல்ல ஆறட்டும்."

"முந்நூறு வருஷமா நான் எதுக்கும் காத்திருந்ததில்ல!"

"அதனாலதான் முந்நூறு வருஷமா நல்ல பிஸ்கட் கிடைக்கல."

கிழவன் கோலை வைத்துவிட்டு உட்கார்ந்தான். காத்திருந்தான். பிஸ்கட் மெல்ல மெல்ல இறுகியது. எடுத்தான், உடையவில்லை. வாயில் போட்டான்; கரைந்தது. கண்ணை மூடினான்.

தோட்டம் சலசலத்தது. முப்பத்தொன்பது மரங்களும் முப்பத்தொன்பது மனிதர்களாகி, சோம்பல் முறித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். தலையில் இலையோடு முதலில் ஓடிவந்தவள் பேச்சி. தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், தட்டை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு எங்கடி?"

தட்டு காலி. பூதலிங்கம் நாணத்தோடு உதட்டைத் துடைத்தான்.

வடிவு மறுபடி மாவை எடுத்தாள். சமையல்காரர் தோல் துருவினார். ராணியம்மா உருட்டினாள். தட்டு உள்ளே போனது. "இன்னும்..." என்று அடுப்பு தொடங்கியது.

"வாயை மூடு!" என்றார்கள் அத்தனை பேரும்.

அவர்கள் அங்கே தின்றார்கள். நமக்கு இங்கே எச்சில் ஊறியது.