வளைந்த விரலும் மூன்று தீக்குச்சிகளும்

முடிச்சைப் போடுவது என் வேலை. அவிழ்ப்பது உங்கள் பாடு. இந்தக் கதையில் கெட்டவன் என்று யாரும் கிடையாது. இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை!

ரஷ்யாவின் வடக்கே, ஒட்டுப்பலகை ஆலை ஒன்றை நம்பிப் பிழைத்த சின்ன ஊர். ஆலை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. யெகோர், அர்க்காதி, ரிம்மா மூவரும் ஒரே முற்றத்தில் விளையாடி, ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஆலையில் தேய்ந்தவர்கள். மூவருக்கும் வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள்?

ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. வீடுகளுக்கெல்லாம் குழாயில் வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் கொதிகலன் கூடத்துக்கு ஓர் ஆள் தேவை. மேலாளர் மூவரையும் அறிந்தவர். "நீங்களே பேசி ஒரு பெயரைச் சொல்லுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபோன் செய்வேன். பெயர் இல்லையென்றால் வெளியூர் ஆளைப் போட்டுவிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

வேலை கிடைக்காதவர்கள் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான். ரிம்மாவுக்கு நகரத்தில் யார் வீட்டுத் தரையையாவது துடைக்கும் பிழைப்பு. நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டே இருக்கும் அர்க்காதி துருவப் பனியில் கிடக்கும் எரிவாயு வயலுக்கு வேலைக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம். யெகோருக்கோ பக்கவாதத்தில் விழுந்த மனைவி லீதா. அவன் கையால் ஊட்டினால் மட்டுமே அவள் வாய் திறப்பாள்.

ரிம்மாவின் சமையலறையில் கூடினார்கள். பேசிப் பேசி ஓய்ந்தபின், சின்ன வயதுப் பழக்கப்படி தீக்குச்சி இழுப்பது என்று முடிவானது. இரண்டு முழுக்குச்சி, ஒரு ஒடித்த குச்சி. அப்போதெல்லாம் ஒடித்த குச்சி வந்தவன்தான் ஆப்பிள் திருடப் போய் அடி வாங்கவேண்டும். குச்சி பிடிப்பவன் எப்போதும் யெகோர். கூரையிலிருந்து விழுந்ததில் அவன் நடுவிரல் வளைந்துபோனது. குட்டையான குச்சி அந்த வளைவில்தான் நிற்கும், அதாவது நடுவில். மற்ற இருவருக்கும் இது தெரியும். நடுவைத் தொடவே மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியும் என்பது யெகோருக்கும் தெரியும். தெரிந்தே அத்தனை அடியையும் அவன் வாங்கினான்.

இன்றைக்கோ ஒடித்த குச்சி வந்தவருக்குத்தான் கொதிகலன் வேலை. 'இப்போது முதல் கை நடுவுக்குத்தானே வரும்?' என்று யெகோர் நினைத்தான். லீதாவின் முகம் கண்முன் வந்தது. ஒடித்த குச்சியை இடப்பக்கம் மாற்றி, விரல் வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்தான்.

அர்க்காதி கையை நீட்டினான். நடுக்குச்சியைத் தாண்டி இடப்பக்கம் போய் ஒன்றை உருவினான். ஒடித்த குச்சி!

"ஐயோ, இது எப்படி இங்கே வந்தது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டான்.

ரிம்மா மெல்ல யெகோரின் விரலைப் பார்த்தாள். "நடுவிலே இருக்கிறதை உனக்குத்தான்டா விட்டுவைக்கணும்னு நானும் நினைச்சிருந்தேன்" என்றாள்.

யெகோருக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. நண்பர்கள் தட்டிப் பறிப்பார்கள் என்று கணக்குப் போட்டவன் அவன். அவர்களோ பழைய அடிகளையெல்லாம் மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

அர்க்காதி குச்சியை யெகோர் முன்னால் வைத்தான். "லீதாவை யாருடா பார்த்துப்பாங்க? எடுத்துக்கோ."

"நான் இன்னும் கையே வைக்கலையே, திரும்ப இழுக்கவேண்டாமா?" என்றாள் ரிம்மா. கோபமில்லை, அழுகைதான் வந்தது.

பன்னிரண்டு அடித்தது. ஃபோன் ஒலித்தது. யெகோர் எடுத்தான். சொல்லுங்கள், அவன் யார் பெயரைச் சொல்வது நியாயம்?

அர்க்காதி பெயர்தான் என்பேன் நான். குச்சி இடம் மாறினாலும் எடுத்தது அவன் கை. வாங்கிக்கொள்ளும் தகுதியை யெகோர் தானே கெடுத்துக்கொண்டான். ரிம்மா கைவைக்குமுன்பே ஆட்டம் முடிந்துவிட்டது, பாவம். யெகோரும் அந்தப் பெயரைத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, லீதாவை அர்க்காதியின் பொறுப்பில் விட்டு எரிவாயு வயலுக்குப் போனான். ரிம்மா நகரத்துக்குப் போனாள். அர்க்காதி இருமிக்கொண்டே கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறான்; லீதாவின் அறை கதகதப்பாக இருக்கிறது. வேலை முடிந்ததும் அவன் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் அவள் பக்கத்தில் உட்காருகிறான். அவள் வாய் திறப்பதில்லை.