ஐயாவுக்குக் கை உண்டா?

“என் பேத்தி என்கிட்ட வர மாட்டேங்குறா, டீச்சர்.”

அங்கன்வாடி வாசலில் நின்று வைரவன் இதைச் சொன்னபோது, ஜெபக்கனி டீச்சர் ஒரு குழந்தைக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தாள். வைரவனுக்கு அறுபத்தெட்டு வயது. டீச்சருக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் தேவகோட்டையில் அந்தத் தெருவுக்குப் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சந்தேகம் என்றால் அவளிடம்தான் வந்து நிற்கும்.

“எந்த ஊர்ப் பேத்தி?”

“மெல்போர்ன். பேரு உமையாள், நாலு வயசு. நேர்ல இப்பத்தான் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை தவறாம கம்ப்யூட்டர்ல பேசுவோம். அ, ஆ எல்லாம் அதுலதான் சொல்லிக்கொடுத்தேன். தமிழ்ல கதையே சொல்லுவா. ‘ஐயா, ஐயா’ன்னு உருகுவா.”

அந்தப் பக்கத்தில் அவர் வீட்டார் தாத்தாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“இப்ப?”

“தூக்கப் போனா அலறுறா. ஓடிப்போயி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டு, ‘ஐயா எப்ப வருவாங்க’ன்னு கேக்குறா. நான் அவ பின்னாடிதான் நிக்குறேன்.”

அடுத்த வாரம் அவள் கிளம்பிவிடுவாள். மறுபடி எப்போது வருவாளோ, அப்போது தான் இருப்போமோ என்னவோ.

“அந்தப் பாழாப்போன கம்ப்யூட்டரப் பரண்ல தூக்கிப் போட்டுரவா?”

“அது என்ன சார் பாவம் பண்ணுச்சு? பேத்திக்கு உங்களக் காமிச்சதே அதுதான்.”

டீச்சர் கொஞ்சம் யோசித்தாள்.

“அதுல உங்க கை தெரியுமா?”

“முகம் மட்டும்தான் தெரியும்.”

“அவ வந்து இறங்குனதும் எத நீட்டுனீங்க?”

வைரவன் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

“நாளைக்கு அவள இங்க கூட்டிட்டு வாங்க. நீங்க பிள்ளைங்க விளையாடுற மணல்ல உக்காருங்க. கூப்பிடாதீங்க, திரும்பிப் பாக்காதீங்க.”

“உக்காந்து என்ன செய்ய?”

“சின்ன வயசுல என்ன செஞ்சீங்களோ, அத.”

மறுநாள் உமையாள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வைரவன் தன் முழங்காலைத் திட்டிக்கொண்டே மணலில் உட்கார்ந்தார். பிள்ளைகள் விட்டுப்போன கொட்டாங்கச்சி ஒன்று கிடந்தது.

அதைக் கையில் எடுத்ததும் அக்கா ஞாபகம் வந்தது. யாரோ வீடு கட்ட அடித்த மணலில் அவர் இட்லி சுடுவார். அக்கா சப்புக்கொட்டிச் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு “உப்பு பத்தல” என்று குறை வேறு சொல்வாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அந்தக் குறையை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று ஏங்கியது மனசு.

மணலை அள்ளி அழுத்திக் கவிழ்த்தார். பொலபொலவென்று சரிந்தது. மறுபடி கவிழ்த்தார். அதுவும் சரிந்தது. இட்லி சுடும் மும்முரத்தில் பேத்தியைக்கூடக் கொஞ்சம் மறந்துபோனார்.

அப்போது பக்கத்தில் ஒரு சின்ன நிழல் வந்து நின்றது. ஒரு டம்ளர் சாய்ந்தது. தண்ணீர் பாதி மணலிலும் பாதி அவர் கைமேலும் விழுந்தது.

திரும்பிப் பார்க்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்த்தார். இட்லி முழுசாக வந்தது.

“இன்னொண்ணு,” என்றது குரல்.

சுட்டார்.

அடுத்த இட்லிக்கு அவளே உட்கார்ந்து அவர் விரல்களைப் பிடித்து அழுத்தினாள். பிடித்த பிடியை விடவில்லை. புறங்கையில் புடைத்திருந்த நரம்பைத் தடவினாள். நகங்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முழங்கை, தோள் என்று அவள் பார்வை மெல்ல ஏறி அவர் முகத்தில் வந்து நின்றது.

“ஐயா, இது உங்க கையா?”

“ஆமா ஆத்தா.”

ஈர மணலோடு அதை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு நாளா இத எங்க வச்சிருந்தீங்க?”