பேனர் வச்சாச்சு, பறந்துதான் ஆகணும்

ஓணாங்குளத்தில் புத்திசாலிகளே கிடையாதா என்று கேட்காதீர்கள். இருந்தார்கள். ஊருக்கு பஸ் வந்த முதல் வாரமே அதில் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கூடிப் பேசி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்.

ஓணாங்குளம் பொதுநலச் சங்கம் என்று பெயர். இதுவரை என்ன பொதுநலம் செய்தீர்கள் என்று கேட்டால் செயலாளர் ஜெயசீலன் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துக் காட்டுவார். அதில் இரண்டே விதிகள். ஒன்று, தலைவருக்கு யாரும் நேரடியாக எதையும் சொல்லக் கூடாது. செயலாளரிடம் சொல்லவேண்டும், அவர்தான் தலைவரிடம் வேண்டிக்கொள்வார். இரண்டு, ஊர் எல்லைக்குள் சங்கத்தார் எவரும் தலைவரைவிட உயரமாக இருக்கக் கூடாது.

தலைவர் குபேந்திரனின் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கமிட்டி உறுப்பினர் அழகுமலை ஆறடி. ஆகவே அழகுமலை பதினோரு வருடமாக ஊருக்குள் முழங்காலை மடக்கியே நடந்துவந்தார். பஸ் ஏறி எல்லைக்கல்லைத் தாண்டியதும்தான் எழுந்து நின்று காலை நீட்டுவார். அந்தச் சமயத்தில் அவர் முகத்தில் தெரியும் சுகத்தைப் பார்த்துக் கண்டக்டரே டிக்கெட் கேட்கச் சற்றுத் தாமதிப்பார்.

கமிட்டியில் நான்காவது ஆள் சோணைமுத்து. யார் எதைச் சொன்னாலும் "அதுவுஞ் சரிதான்" என்பது அவருடைய பொறுப்பு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த சங்கத்துக்குப் பக்கத்து ஊரான பல்லிக்குளத்தால் சோதனை வந்தது. பல்லிக்குளத்துச் சங்கத் தலைவர் சுற்றுலா போன இடத்தில் ஒட்டகத்தின் மேல் ஏறிப் படம் எடுத்து, அதைப் பெரிய பேனராக வைத்துவிட்டார். பார்த்துவிட்டு வந்த ஓணாங்குளத்துக்காரர்கள், "நம்மாளு கழுதைமேலகூட ஏறுனதில்லையே" என்று பேச ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தேர்தல். குபேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

கமிட்டி அவசரமாகக் கூடியது. ஒட்டகத்தைவிட உயரமானது எது என்று யோசித்து, கரடிமேட்டு மலையில் பாராசூட்டைக் கட்டிக்கொண்டு ஆட்களைப் பறக்கவிடுகிறார்களே, அதில் தலைவரைப் பறக்கவைப்பது என்று முடிவு செய்தார்கள். ஓட்டுகிற பைலட் ஒருவர் பின்னால் இருப்பார், புதிதாக வருகிறவர் முன்னால் தொங்கினால் போதும் என்று சொன்னார்கள்.

புதன்கிழமையே பேனரும் வந்துவிட்டது. இருபதடி. வெள்ளை வேட்டி சட்டையில் குபேந்திரன் மேகத்தின்மேல் நின்று கைகூப்பிச் சிரிக்கிறார். "விண்ணை வென்ற வீரரே" என்று கீழே எழுத்து. பஸ் நிறுத்தத்தில் கட்டியும் முடித்தார்கள்.

"பறந்தப்புறம்தானே பேனர் வைக்கணும்?" என்று குபேந்திரன் மெதுவாகக் கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடிதானேண்ணே பத்திரிகை அடிக்கிறோம்?" என்றார் ஜெயசீலன்.

"அதுவுஞ் சரிதான்" என்றார் சோணைமுத்து.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். குபேந்திரனுக்கு உயரம் என்றால் பயம். சுவரில் காலண்டர் மாட்ட ஸ்டூலில் ஏறினாலே இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்ற இருவரும் போனபிறகு ஜெயசீலனைத் தனியே நிறுத்தி, "கண்டிப்பாப் பறக்கணுமாப்பா?" என்று கேட்டார்.

"பேனர் வச்சாச்சுண்ணே" என்றார் ஜெயசீலன்.

வெள்ளிக்கிழமை காலை நால்வரும் கரடிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலையுச்சியில் புல்சரிவு, அதன் விளிம்பில் அடர்ந்த உண்ணிச்செடிப் புதர், அதற்கப்புறம் வெறும் ஆகாயம். பைலட்டின் பெயர் ஜோயல். தொள்ளாயிரம் பேரைக் கட்டிக்கொண்டு பறந்த அனுபவசாலி. கண் தெரியாதவரோடும் எண்பது வயதுப் பாட்டியோடும் பறந்திருக்கிறார். ஒரு சங்கத்தோடு பறந்ததில்லை.

"சார், வேட்டி வேணாம். பேன்ட் போட்டுக்கிட்டா பெல்ட் மாட்டச் சுலபம்" என்றார் ஜோயல்.

குபேந்திரன் காது கேளாதவர்போல் தூரத்து மலையைப் பார்த்தார். ஜெயசீலன் குறுக்கே வந்து, தலைவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்று விதிப்புத்தகத்தைக் காட்டினார். பிறகு, "பேனர்ல வேட்டி இருக்கு. மாத்த முடியாது" என்றார். ஜோயல் பெருமூச்சு விட்டு, வேட்டியைச் சுருட்டி அதன்மேல் பெல்ட்டை மாட்டினார்.

பறக்கும்முன் பயணி கையெழுத்துப் போடவேண்டிய தாள் ஒன்று உண்டு. குபேந்திரன் போட்டார். ஜெயசீலனும் ஒரு தாளை நீட்டினார். சங்க உறுப்பினர் விண்ணப்பம்.

"எனக்கு எதுக்குங்க?"

"வெளியாளைத் தலைவர் முதுகுல கட்டி அனுப்ப முடியாது தம்பி."

காற்று நன்றாக இருந்தது. அது போவதற்குள் கிளம்பினால் போதும் என்று ஜோயல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நாட்டில் பல சங்கங்கள் இப்படித்தான் வளர்கின்றன.

உடனே இன்னொரு சிக்கல் முளைத்தது. கண்டுபிடித்தவர் அழகுமலை.

"பைலட்டு பின்னாடி உக்காருவாரு. தலைவரைவிடக் கொஞ்சம் மேலதான் இருப்பாரு. இப்ப அவரும் சங்கத்து ஆளு. ரெண்டாவது விதி என்னாகுறது?"

மூவரும் வட்டமாக நின்று ஆலோசித்தார்கள். ஜோயல் காற்றைப் பார்த்தார்.

"விதி ஊர் எல்லைக்குள்ளதான். ஆகாயம் ஓணாங்குளத்துக்குள்ள வராது" என்றார் ஜெயசீலன்.

"அதுவுஞ் சரிதான்."

அழகுமலை விடவில்லை. "அப்ப முதல் விதி? மேல போனப்புறம் பைலட்டு சொல்றதை யாரு தலைவர்கிட்ட வேண்டிக்கிறது?"

மூன்றாவது ஆளைக் கட்ட இடமில்லை என்று ஜோயல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைசியில், பைக்கில் போகிறவர்கள் செய்வதுபோல் தலைவரின் ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகினார்கள். மறுமுனையில் ஜெயசீலன். பைலட் பேசுவது போன் வழியாக ஜெயசீலனுக்குக் கேட்கும். அவர் அதை முறைப்படி வேண்டுகோளாக்கித் தலைவர் காதில் சொல்வார். அரையடி பின்னால் இருக்கிற மனிதனின் பேச்சு மலைக்குப் போய்த் திரும்பிவர இப்படி ஒரு வசதியை இதற்குமுன் யாரும் செய்து பார்த்ததில்லை.

"கவனமாக் கேளுங்க" என்று ஜோயல் ஜெயசீலனிடம் சொன்னார். "நான் ஓடுங்கன்னா அவர் ஓடணும். கால் தரையில படலைன்னாலும் ஓடிக்கிட்டே இருக்கணும். பல பேரு பாதியிலயே உக்காந்துருவாங்க, அது ஆபத்து. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தவே கூடாது."

ஜெயசீலன் திரும்பி நின்று தொண்டையைச் செருமினார். "தலைவரவர்களே, பைலட் சொல்லும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும்படி சங்கம் பணிவுடன் வேண்டிக்கொள்கிறது."

காற்று வந்தது. பாராசூட் எழுந்து தலைக்குமேல் நின்றது. "ஓடுங்க" என்றார் ஜோயல். குபேந்திரன் நின்றார். "தலைவரவர்களே" என்று ஜெயசீலன் ஆரம்பித்து முடிப்பதற்குள் காற்று போய், துணி இருவர் தலையிலும் விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஜெயசீலன் முன்கூட்டியே வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். காற்றும் வேண்டுகோளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. குபேந்திரன் கண்ணை இறுக மூடி, பேனரில் உள்ளபடி கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார்.

தலைவர் எங்கே போனாலும் இரண்டு பேர் முன்னால் ஓடி வழிவிடச் சொல்வது ஓணாங்குளத்து வழக்கம். அழகுமலையும் சோணைமுத்தும் அந்த ஆளில்லாத சரிவில் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள். விளிம்பு வந்தது. தலைவர் மேலே போனார். அவர்கள் புதருக்குள் போனார்கள்.

"தலைவரு நம்ம தலைக்கு மேலயே போயிட்டாரு" என்று புதருக்குள்ளிருந்து அழகுமலையின் குரல் வந்தது.

"அதுவுஞ் சரிதான்" என்றது முள்ளுக்குள்ளிருந்து இன்னொரு குரல்.

மேலே ஜோயல், "போதும் சார், இப்ப வசதியா உக்காருங்க" என்றார். குபேந்திரன் ஓடிக்கொண்டிருந்தார். ஜெயசீலன் சொல்லட்டும் என்று காத்திருந்தார். போனில் சத்தமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் டவர் கிடையாது.

"சார், ஆகாயத்துல ஓடாதீங்க. ஆடுது."

குபேந்திரன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். கீழே கண்மாய் டம்ளர்த் தண்ணீர் அளவுக்குத் தெரிந்தது. கண்ணை மூடி இன்னும் வேகமாக ஓடினார். உட்காரத்தான் அவருக்கும் ஆசை, இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள அதைவிட ஆசை. ஆனால் எவனோ நேரடியாகச் சொன்னதற்கு அடங்கிவிட்டால் அவர் எப்படித் தலைவர்? ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பது? இருபது நிமிடம் ஆகாயத்தில் ஓடினார்.

இறங்கும்போது நாலு அடி ஓடவேண்டும் என்பது முறை. புதியவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த குபேந்திரன் பல்லிக்குளத்துத் தரிசில் பூப்போல இறங்கினார். இவ்வளவு நல்ல இறக்கத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று ஜோயலே பிற்பாடு ஒப்புக்கொண்டார். ஆனால் குபேந்திரன் நாலு அடியோடு நிற்கவில்லை. தரிசைத் தாண்டி, ரோட்டில் ஏறி, ஓணாங்குளம் போகும் திசையில் போய்க்கொண்டே இருந்தார்.

பின்னால் கட்டியிருந்த ஜோயலும் ஓடத்தான் வேண்டியிருந்தது. கொக்கியைக் கழற்றக் கை போகும்போதெல்லாம் கால் தடுக்கியது. அவருக்கும் பின்னால் பாராசூட், ரோட்டோரத்தில் இருந்ததையெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வந்தது. வீராயி என்ற பெண்மணி அங்கே மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தார். முக்கால்வாசியும், மேய்ந்துகொண்டிருந்த சேவலும் துணிக்குள் போய்விட்டன.

"யோவ், நில்லுய்யா" என்று வீராயி விளக்குமாற்றோடு துரத்தினார்.

அவரும் நேரடியாகத்தான் சொன்னார். ஆகவே பயனில்லை. வீராயி நாலு கிலோமீட்டரும் அதையே சொல்லிக்கொண்டு ஓடிவந்தார்.

ஓணாங்குளத்து எல்லைக்கல்லைத் தாண்டி, ஊர்வலம் பஸ் நிறுத்தத்துக்கு வந்து பேனரைச் சுற்றிச்சுற்றி ஓட ஆரம்பித்தது. ஊரே கூடிவிட்டது. பேனரில் ஒருவர் நின்றுகொண்டு சிரிக்கிறார். கீழே அதே ஆள் அழுதுகொண்டு ஓடுகிறார். எது நிஜம் என்று தெரியாமல் ஜனங்கள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

அப்போது ஜீப்பில் கமிட்டி வந்து இறங்கியது. இருவர் உடம்பெல்லாம் முள். குபேந்திரனின் முகத்தில் உயிர் வந்தது. "ஜெயசீலா, சொல்லுப்பா" என்று கெஞ்சினார்.

"என்னத்தண்ணே சொல்ல? பைலட்டு என்கிட்ட சொன்னாத்தான் நான் உங்ககிட்ட சொல்ல முடியும். தபால்காரன் கடுதாசி எழுதக் கூடாதுல்ல?"

எல்லோரும் ஜோயலைப் பார்த்தார்கள். ஜோயல் வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது, பேச்சு வரவில்லை.

மடக்கிய முழங்காலோடு ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அழகுமலை திடீரென்று கையை உயர்த்தினார். "ஒரு சந்தேகம். இது ஊர் எல்லைக்குள்ளதானே?"

"ஆமா."

"பைலட்டு நம்ம உறுப்பினர்தானே? தலைவரைவிட ஒரு அடி உசரமா ஓடுறாரே."

ஜெயசீலன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு பக்கம்தான், ஆனாலும் நிதானமாகப் புரட்டினார். "தலைவரைவிட உசரமா உறுப்பினர் யாரும் இருக்க முடியாது. ஆனா இவரு இருக்காரு. அப்படின்னா குபேந்திரண்ணன் தலைவரா இருக்க முடியாது. இவருதான் தலைவர்."

"அப்ப ஞாயித்துக்கிழமை தேர்தல்?"

"விதியே முடிவு பண்ணியாச்சு. தேர்தல் எதுக்கு?"

"அதுவுஞ் சரிதான்" என்றார் சோணைமுத்து, முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

பதினோரு வருடப் பதவி பஸ் நிறுத்தத்தில் இப்படிப் போயிற்று. சரியாக அந்த நேரத்தில் வீராயி வந்து சேர்ந்து, நூறாவது தடவையாக, "யோவ், நில்லுய்யா" என்றார்.

குபேந்திரன் நின்றார்.

இப்போது அவர் வெறும் ஆள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "உக்காரு" என்றார் வீராயி. உட்கார்ந்தார். "மிளகாயைப் பொறுக்கு" என்றார். பொறுக்கினார். குபேந்திரனின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை ஓணாங்குளம் அதுவரை கண்டதில்லை. பஸ்ஸில் எல்லைக்கல் தாண்டும் அழகுமலையின் முகத்தில் மட்டும் கண்டிருந்தது. அந்த அழகுமலையோ, புதுத் தலைவர் ஆறடி ஓர் அங்குலம் என்று கண்ணால் அளந்துவிட்டு, மெல்ல முழங்காலை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

ஜோயல் கொக்கியைக் கழற்றினார். பாராசூட்டைச் சுருட்டினார். மலையைப் பார்த்து ஓடினார். தலைவரிடம் நில்லுங்கள் என்று யாரும் நேரடியாகச் சொல்லக் கூடாதே, சொல்லவில்லை. பேனரில் முகத்தை மட்டும் மாற்றி ஒட்டினார்கள்.

சனிக்கிழமை காலை கரடிமேட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு என்ஜினீயர் பறக்க வந்தார். ஜோயல் பெல்ட்டை மாட்டினார், காற்றுக்குக் காத்திருந்தார், "ஓடுங்க" என்றார். உடனே பாறைக்குப் பின்னாலிருந்து நாலு பேர் எழுந்து, "வழி, வழி" என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடி, விளிம்பைத் தாண்டிப் புதருக்குள் போனார்கள்.

"யாருங்க அவங்க?" என்று என்ஜினீயர் ஆகாயத்தில் கேட்டார்.

"கீழ பாக்காதீங்க சார்" என்றார் ஜோயல்.

புதருக்குள் சற்று நேரம் முனகல் சத்தம் கேட்டது. பிறகு ஜெயசீலனின் குரல். "எல்லாரும் இருக்கோமா?"

"இருக்கோம்."

"தலைவரு?"

குபேந்திரன் முள்ளுக்குள் மல்லாந்து கிடந்தபடி அண்ணாந்து பார்த்தார். "மேல இருக்காரு. நாம எல்லாரும் கீழ இருக்கோம். இப்பத்தாம்ப்பா நம்ம சங்கம் விதிப்படி நடக்குது. கூட்டத்தை ஆரம்பிங்க."

"அதுவுஞ் சரிதான்" என்றார் சோணைமுத்து.