இரட்டை வீட்டுப் பந்தயம்

இந்தக் கதைக்குக் காதை மட்டும் கொடுத்தால் போதாது. கொஞ்சம் மூளையையும் கொண்டு வாருங்கள்.

கரிசல் நகராட்சி ஒன்றில், அச்சில் வார்த்தாற்போல் இரண்டு பழைய ஊழியர் வீடுகள். ஆளுக்கொன்றாக எடுத்துச் சீராக்கப் போட்டி அறிவித்தார் தலைவி. "இன்னைக்குத் தொட்டு எந்த வீட்டால கரிப்புகை குறைவோ, அவங்களுக்குத்தான் புது ஆஸ்பத்திரி வேலை!"

போட்டிக்குப் பெயர் கொடுத்த மாடத்திக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடம் கல்லும் கலவையும் சுமந்தவள். கரண்டி பிடித்துச் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகும் அவள் பெயருக்கு நேரே 'சித்தாள்' என்றுதான் எழுதினார்கள். ஜெயித்தால் ஆஸ்பத்திரிப் பலகையில் 'கொத்தனார் மாடத்தி' என்றல்லவா வரும்!

எஞ்சினியர் தனுஷ்கோடி தன் பங்கு வீட்டை இடித்தார். பழைய சுவர் லேசில் விழவில்லை. கடப்பாரை மழுங்கி, நாலு நாள் ஆனது. அப்புறம் அறுநூறு மூட்டை சிமெண்டும் ஐந்து டன் கம்பியும் லாரி லாரியாக இறங்கின. "அறுபது வருஷத்துக்கு அசையாது!" என்று மார்தட்டினார். மாடத்தி எதையும் இடிக்கவில்லை. விரிசலுக்கு இருபது மூட்டை, மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேற்கு ஜன்னலுக்கு நிழல் தட்டி. வேலை முடிந்தது.

இரண்டிலும் ஆட்கள் குடியேறினார்கள். கரண்டுச் செலவு கூடினால் அனல்மின் நிலையத்தில் புகையும் கூடுமே! அக்கினி நட்சத்திரம் முடிந்த அன்று ஊரே மீட்டர் பார்க்கத் திரண்டது. எஞ்சினியர் வீட்டில் நாளுக்கு நாலு யூனிட். மாடத்தி வீட்டில் ஆறு. விசில் பறந்தது. மாடத்திக்கு வாய் அடங்கவில்லை.

"மீட்டரு ஓடுனதத்தான பாத்தீக? லாரி வந்து இறக்குனத யாரும் பாக்கலியா?"

"அது கட்டும்போது வந்த சாமான்ம்மா. குடியிருக்கிற வீட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் எஞ்சினியர்.

கூட்டம் இரண்டுபட்டுக் கத்தியது. தலைவி கையமர்த்தினார். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரி வேலை யாருக்குப் போவது நியாயம்?

விடை: மாடத்திக்குத்தான். சிமெண்டும் கம்பியும் ஆலையில் உருவாகும்போதே ஏராளமான புகையைக் கக்கிவிடுகின்றன. போட்டியில் அதுவும் சேர்த்திதான். 'இன்னைக்குத் தொட்டு' என்றாரே தலைவி! தினம் இரண்டு யூனிட் மிச்சம் பிடித்து அந்தப் புகையை ஈடுகட்ட அறுபது வருடமாவது ஆகும். எஞ்சினியர் தன் வீட்டுக்குச் சொன்ன ஆயுளே அறுபதுதான். இடிபட்டதோ கடப்பாரைக்கு நாலு நாள் ஈடுகொடுத்த சுவர்; அதே அச்சில் வார்த்த மாடத்தி வீடும் லேசில் விழாது. தலைவி தீர்ப்பை முடிக்குமுன்னே மாடத்தி பெயிண்ட் டப்பாவோடு ஆஸ்பத்திரிப் பலகை முன் நின்றாள். 'கொத்தனார்' என்று அவள் எழுதிய பெரிய எழுத்தில், பெயர் எழுத இடமே மிஞ்சவில்லை.