மிச்சச் சூடு

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரி. அங்கே பாய்லருக்கு விறகு போடுகிறவன் போஜன். அந்த நீராவி முதலில் கரண்ட் தரும். மிச்சச் சூட்டில் இலை காயும்.

மானியம் தரும் அதிகாரி கனகசபாபதி ஒரு மார்கழிக் காலையில் வந்தார். "மானியம் கரண்டுக்குத்தான். மிச்சச் சூட்டை வெளியே விடு. இலை காய வைக்கத் தனியா விறகு எரிச்சுக்கோ. இல்லேன்னா மானியம் கட்" என்றார். மானியம் நின்றால் ஃபேக்டரியை மூட வேண்டியதுதான். முதலாளி தலையை ஆட்டினார்.

அதிகாரி ஜீப்பில் ஏறி, ஹீட்டரைப் போட்டு அதன் முன் கையை நீட்டினார். போஜன் ஜன்னல் வழியாகக் கைவிட்டு அதை அணைத்தான்.

"என்னடா பண்றே? குளிர்ல சாகறதா?"

"சர்க்கார் டீசல் குடுக்கறது வண்டி ஓடத்தானுங்களே? எஞ்சின் சூட்டுல நீங்க குளிர் காயலாமுங்களா? அதை வெளியே விட்டுடுவோம் ஐயா. பின் சீட்டுல ஒரு விறகடுப்பு மூட்டித் தரேன்."

டிரைவர் சிரிப்பை இருமலாக்கினார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பச் சொன்னார்.

போஜன் ஜெயித்துவிட்டான் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரே பேச்சு. அடுத்த மாதம் அதிகாரியின் ஆபீஸில் உத்தரவும் வந்தது: ஆபீஸ் ஜீப்புகளில் ஹீட்டரைக் கழற்ற வேண்டும். அதிகாரிக்கு மட்டும் புது கார், ஹீட்டரோடு.

ஃபேக்டரிச் சூடு இன்றும் வானத்துக்குத்தான் போகிறது. அதன் கீழே நின்று போஜன் இலை காய வைக்கும் இரண்டாவது அடுப்புக்கு விறகு பிளக்கிறான்.