செந்நெற்றிக்கு வராத அழுகை

குளக்கரை மருதமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. அதன் தலைவன் கருமுகன். கீழே நாணல் புதரில், செந்நெற்றி என்ற தாழைக்கோழி கூடு கட்டி அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

கருமுகனுக்கு வாய் சும்மா இருக்காது. சாயங்காலமானால் தாழ்ந்த கிளைக்கு வந்துவிடுவான்.

"இந்தக் குளம் மரத்தில் இருப்பவர்களுக்குத்தான்! நீர்ப்பறவைகள் எல்லாம் வந்தேறிகள்! பன்றிகள் கரையைத் தோண்டியே நாசமாக்குகின்றன! எல்லோரும் வெளியே போகட்டும்!" என்று முழங்குவான். குரங்குகள் கைதட்டும்.

செந்நெற்றியும் விடமாட்டாள்.

"நான் பிறந்ததே இந்த நாணலில்தான், கருமுகரே! பஞ்சத்தில் மலையிலிருந்து இறங்கி வந்தது நீங்கள்தான்!" என்று கழுத்தை நீட்டிக் கத்துவாள்.

வாய்க்கு வாய் பதில் சொன்னாலும், அந்தப் பேச்சு அவளைச் சுட்டது. அதைத் தாங்க முடியாமல்தான் அவள் தங்கை குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குளத்தை விட்டே போய்விட்டாள். போன இடத்தில் தண்ணீர் இருந்ததா, அதுகூடத் தெரியாது.

ஒருநாள் கருமுகன் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினான். புதருக்குள் பதுங்கியிருந்த ஒரு காட்டுப்பன்றி, "இனிமேல் பேசுவாயா?" என்று உறுமிக்கொண்டு பாய்ந்தது. கோரைப்பல்லால் அவன் தொடையைக் கிழித்தது. வந்த வேகத்திலேயே மலைப்பக்கம் ஓடி மறைந்தது. ரத்தம் கொட்டக் கிடந்த கருமுகனைக் குரங்குகள் அலறிக்கொண்டே மரத்தடிக்குத் தூக்கிப் போயின.

மறுநாள் காலை தவிட்டுக்குருவிகள் வந்தன. அவற்றுக்குத் தனியாகப் போகத் தெரியாது. கூட்டமாக வரும், கூட்டமாகக் கத்தும். கருமுகனுக்காக யார் யார் எவ்வளவு அழுதார்கள் என்று அன்று கரை முழுக்க விசாரித்துக்கொண்டிருந்தன.

"செந்நெற்றி! நீ ஏன் அழவில்லை?"

அவளுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது. பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"அவருக்காக எனக்கு அழுகை வரவில்லை" என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனாலும் இப்படி நடந்திருக்கவே கூடாது. பேசியதற்காக ஒருவரைக் குத்துவதா?" என்றாள்.

முதல் பாதி காதில் விழுந்ததுமே குருவிகள் பறந்துவிட்டன. பின்பாதியைக் கேட்டது, பக்கத்தில் மீனுக்காக நின்ற ஒரு கொக்கு மட்டும்தான்.

"அழுகை வரவில்லையாம்! அழுகை வரவில்லையாம்!"

மருதமரத்தை எட்டுவதற்குள் அது, "சிரித்தாளாம்! விழுந்து விழுந்து சிரித்தாளாம்!" என்று ஆகிவிட்டது.

கூட்டம் கொதித்தெழுந்தது. பன்றியைத் தேடி மலைக்குப் போக ஒருவரும் கிளம்பவில்லை. பன்றிக்குக் கோரைப்பல் இருந்தது. தாழைக்கோழிக்கு என்ன இருக்கிறது? எல்லோரும் நாணலை நோக்கி ஓடினார்கள். குரங்குகள் கைநிறைய மண்ணாங்கட்டிகளை அள்ளிக்கொண்டன. காக்கைகள் தலைக்கு மேல் வட்டமிட்டன. நேற்றுவரை அவள் கூட்டுக்குப் பக்கத்தில் சாவகாசமாகப் புல் மேய்ந்த முயல்கூடத் தன்னால் முடிந்த ஒரு கட்டியை உருட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கொக்கைச் செந்நெற்றி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா, நான் முழுதாகச் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்குமே! நீங்களாவது சொல்லுங்களேன்!"

"நான் மீன் பிடிக்க வந்தவன், அம்மா" என்று கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதல் கட்டி தண்ணீரில் விழுந்தது. அடுத்தது கூட்டின் விளிம்பில் விழுந்தது. கூடு சாய்ந்தது. ஒரு முட்டை உருண்டு தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

செந்நெற்றி மிச்ச முட்டைகள்மேல் சிறகை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

"அழு! கருமுகருக்காக அழுகிறேன் என்று சொல்!" என்று குரங்குகள் கத்தின.

"அழுதுகொண்டுதான் இருக்கிறேன்! என் முட்டைக்காக!" என்றாள்.

கட்டிகளோடு கைகள் மறுபடி ஓங்கின. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வழி விடுங்கள்!"

கருமுகன் வந்தான். பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தான்.

"நீ சிரித்தாயா?" என்று கேட்டான்.

"இல்லை. உங்களுக்காக அழுகை வரவில்லை என்றேன். இப்படி நடந்திருக்கவே கூடாது என்றும் சொன்னேன்."

கருமுகன் சாய்ந்து கிடந்த கூட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"இவளுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் இவளைப் பிடிக்காது. இந்தக் குளம் நம்முடையது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நான் பேசியபோதெல்லாம் இவள் வாயால்தான் பதில் சொன்னாள். பதில் சொல்லத் தெரியாதவன் என் தொடையைக் கிழித்தான். நீங்கள் இப்போது செய்வது மட்டும் என்ன?"

"உங்களுக்காகத்தானே, தலைவரே!" என்றது ஒரு குரங்கு.

"எனக்காகவா? நேற்றிலிருந்து எனக்கு ஒரு வாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது யார்? இவள் ஒருத்திதான்!" என்று பெண்டாட்டியைக் காட்டினான்.

கருமுகனால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கூட்டுக்கு முன்னாலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். இனி எறிந்தால் அவன்மேல்தான் விழும். கட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. முயல் எப்போது நழுவியது என்று யாருக்கும் தெரியவில்லை. தவிட்டுக்குருவிகள் அடுத்த கரையில் ஏதோ சத்தம் கேட்டு அங்கே பறந்துவிட்டன.

கரை காலியானது. செந்நெற்றி அலகால் ஒரு நாணலை இழுத்துக் கூட்டை நிமிர்த்தினாள். ரத்தம் கசிந்த அவன் தொடை அவள் கண்ணில் பட்டது.

"ரொம்ப வலிக்கிறதா?" என்று கேட்டாள்.

"வலிக்கிறது" என்றான் கருமுகன். முட்டை மூழ்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு?" என்றான்.

அவள் மிச்ச முட்டைகளை அலகால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கருமுகனின் பெண்டாட்டி மெல்லக் கை நீட்டி அவள் இறகை நீவிக் கொடுத்தாள்.

ஒருவர் பேச்சு நமக்குப் பிடிக்காவிட்டால் பேச்சால்தான் பதில் சொல்ல வேண்டும்; அடிக்கக் கை ஓங்கினால், யாருக்காக ஓங்கினாலும், நாமும் அந்தப் பன்றியைப் போலத்தான் ஆகிவிடுவோம்.