மதகுப் பூதமும் இருபது கல்லும்

ஒரு ஊர்ல ஒரு மதகு அடைச்சுக்கிச்சு. கண்மாய் நிறையத் தண்ணி, வயல்ல ஒரு சொட்டு இல்லை. அவ்வளவுதான் பிரச்சினை.

மதகுன்னா என்னன்னு கேட்டு எழுந்து உட்காராதே. கண்மாய்த் தண்ணி வாய்க்காலுக்கு வர்ற வழி அது. படு. ம் போடு.

ம்.

ஏன் அடைச்சுக்கிச்சு? உள்ள ஒரு பூதம் வந்து உட்கார்ந்துடுச்சு. ஏன் உட்கார்ந்துச்சு? ஜில்லுன்னு இருந்துச்சு, உட்கார்ந்துச்சு. இடுப்பு உள்ள, தலை வெளியே. தொப்பை வெல்லப்பானை மாதிரி. மூச்சு விட்டா புஸ்ஸ்ஸ்னு கரையில மண்ணு பறக்கும்.

அந்த ஊர்ல ஒம்பது வயசுல ஒரு பொண்ணு. பேரு மாயக்கா. பொறந்தப்பவே அப்படித்தான் பேரு வெச்சாங்க. அதனால கிழவன்கூட அவளை அக்கான்னுதான் கூப்பிட்டாகணும். அவளுக்கும் அவ அம்மா ராக்குக்கும் வாய்க்கால் ஓரத்துல முப்பது வாழைமரம். வேற ஒண்ணும் கிடையாது. முப்பதும் குலை தள்ளி நிக்குது. இன்னும் மூணு நாள்ல தண்ணி வரலைன்னா முப்பதும் மடக்குன்னு ஒடிஞ்சு விழும். மாயக்கா தினமும் காலையில போய் ஒவ்வொரு மரமா தொட்டுப் பார்ப்பா. இலை ஓரம் கருகிக்கிட்டே வருது.

ஊரே கரையில கூடிருச்சு. "எழுந்திரு சாமி"ன்னு கும்பிட்டாங்க. "எழுந்திருடா தடியா"ன்னு திட்டினாங்க. பூதம் கொட்டாவி விட்டுச்சு.

அப்புறம் சொல்லுச்சு: "சும்மா எழுந்திரிக்க மாட்டேன். எனக்குப் பொழுது போகலை. என்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. ஜெயிச்சா எழுந்து போறேன்."

"என்ன ஆட்டம்?"

பூதம் கை நிறையக் கூழாங்கல்லை அள்ளிக் கொட்டுச்சு. களகளகள! "இருபது கல்லு. நீ ஒரு தடவை எடு, நான் ஒரு தடவை எடுக்கிறேன். ஒரு தடவைக்கு ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், மூணு எடுக்கலாம். எடுக்காம இருக்கக்கூடாது. கடைசிக் கல்லை எடுக்கிறது யாரோ அவங்க ஜெயிச்சாங்க."

புரிஞ்சுதா? ஒண்ணு, இல்லை ரெண்டு, இல்லை மூணு. கடைசிக் கல்லு யார் கைக்கு வருதோ அவங்க கெலிச்சாங்க.

ம்.

"மூணே மூணு ஆட்டம். ஒவ்வொரு ஆட்டம் தோத்தாலும் எனக்கு நூறு பணியாரம். மூணும் தோத்தீங்க, என் தம்பிங்க ஏழு பேரையும் கூட்டிட்டு வந்து இங்கயே குடியேறிடுவேன்"னுச்சு பூதம்.

ஒரு பூதத்துக்கே இப்படி. ஏழு தம்பியா!

மொதல்ல போனவன் ஒண்டிவீரு. இளவட்டக்கல்லை ஒத்தைக் கையில தூக்கித் தோளுக்கு மேல போடுறவன். தொடையைத் தட்டிக்கிட்டு, படார் படார்னு, பூதத்துக்கு எதிர்ல போய் உட்கார்ந்தான்.

"நீ எடு"ன்னான்.

"சேச்சே"ன்னுச்சு பூதம். "வந்தவங்கதான் மொதல்ல. மரியாதை தெரியாத பூதம்னு என்னை நினைச்சியா?"

ஒண்டிவீருக்குப் பெருமை தாங்கலை. "எடுத்தா மூணுதான்!" அப்படின்னு மூணு கல்லை வாரினான். பூதம் ஒண்ணு எடுத்துச்சு. அவன் மூணு. பூதம் ஒண்ணு. அவன் மூணு. பூதம் ஒண்ணு. "பார்த்தீங்களா, பயப்படுது, ஒண்ணு ஒண்ணாதான் எடுக்குது!"ன்னு கத்தினான். மூணு, ஒண்ணு. இப்போ நாலு கல்லு பாக்கி. அவன் மூணு எடுத்தான். ஒரே ஒரு கல்லு கிடக்கு.

பூதம் ரெண்டு விரலால அதைப் பூ மாதிரி எடுத்துச்சு. "கடைசிக் கல்லு என்னுது."

ஹூஹூஹூன்னு சிரிச்சுது பார். கரையில நின்ன ஆடெல்லாம் ஓடிப்போச்சு.

அப்புறம் நூறு பணியாரம். சுட்டது யாரு? மாயக்காவோட அம்மா ராக்குதான். ஊர்லயே அவ பணியாரம்தான் பஞ்சு மாதிரி இருக்கும். மாயக்கா கூடையில சுமந்துட்டுப் போனா. பூதம் ஒவ்வொண்ணா எண்ணி எண்ணி வாயில போட்டுச்சு. லபக். லபக். தொண்ணூத்தொம்பது, லபக். நூறு, லபக்.

அப்புறம் கண்ணை உருட்டிக்கிட்டு, "கொசுறு எங்கே?"ன்னுச்சு.

இங்கே ஒண்ணு சொல்லணும். அந்த ஊர்ப் பழக்கம் அது. எதை எண்ணிக் கொடுத்தாலும் மேல ஒண்ணு கொசுறு வைக்கணும். பத்து முருங்கைக்காய்னா பதினொண்ணு. நூறு வெத்தலைன்னா நூத்தியொண்ணு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பத்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னா, பசங்க பதினொண்ணு போட்டுட்டுத்தான் உட்காருவாங்க. கொசுறு வைக்காம எண்ணினா அந்த ஊர்ல அது எண்ணிக்கையே இல்லை. பூதமும் அந்தக் கண்மாய்ல பொறந்த பூதம்தானே. அதுக்கும் அதே பழக்கம்.

மாயக்கா கூடைக்கு அடியில இருந்து ஒரு பணியாரத்தை எடுத்துக் கொடுத்தா. லபக். "இதுதான் ருசி"ன்னுச்சு பூதம்.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. ரெண்டாவது போனவர் கணக்கு வாத்தியார் சண்முகவேலு. பத்தொம்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்லுவார். ராத்திரியெல்லாம் யோசிச்சிருக்கார். "அந்த முரடன் மூணு மூணா எடுத்தான், தோத்தான். நான் ஒண்ணு ஒண்ணா எடுப்பேன்"னார். மூக்குக்கண்ணாடியைத் துடைச்சார். உட்கார்ந்தார்.

"வந்தவங்கதான் மொதல்ல"ன்னுச்சு பூதம், பல்லைக் காட்டிக்கிட்டு.

வாத்தியார் ஒண்ணு. பூதம் மூணு. வாத்தியார் ஒண்ணு. பூதம் மூணு. ஒண்ணு, மூணு. ஒண்ணு, மூணு. மறுபடியும் நாலே கல்லு. வாத்தியார் நெத்தியில வேர்வை சொட்டுச் சொட்டா விழுது. ஒண்ணு எடுத்தார். பூதம் மிச்சம் மூணையும் ஒரே வாரா வாரிச்சு. சரக்!

"கடைசிக் கல்லு என்னுது! சார், இன்னும் நல்லாப் படிங்க."

வாத்தியார் குடையை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டே வீட்டுக்குப் போனார்.

ஆனா ஒரு ஆள் மட்டும் கண்ணை இமைக்காம பார்த்துட்டு இருந்தா. யாரு? ஆமா, மாயக்காதான். அவ மனசுக்குள்ள என்னமோ டிக் டிக்குன்னு அடிக்குது. வீரு மூணு எடுத்தா அது ஒண்ணு எடுக்குது. வாத்தியார் ஒண்ணு எடுத்தா அது மூணு எடுக்குது. மூணும் ஒண்ணும் நாலு. ஒண்ணும் மூணும் நாலு. ரெண்டு எடுத்திருந்தா? அதுவும் ரெண்டுதான் எடுத்திருக்கும்! நாலு!

வீட்டுக்கு ஓடினா. புளியங்கொட்டையைக் கொட்டினா. அம்மா அங்கே பணியார மாவு கரைச்சுட்டு இருக்கா.

"அம்மா, இங்க வா, ஆடு."

"அடியே, நூறு பணியாரம் சுடணும். வாழை வேற வாடுது. உனக்கு விளையாட்டு கேக்குதா?"

"ஒரே ஆட்டம்மா!"

நாலு கொட்டை வெச்சா. நீயே சொல்லு, நாலு கொட்டை இருக்கு, நீ எடு. ஒண்ணு எடுத்தியா? நான் மூணு எடுப்பேன், போச்சு. ரெண்டு எடுத்தியா? நான் ரெண்டு, போச்சு. மூணு எடுத்தியா? நான் ஒண்ணு, போச்சு. நாலு கொட்டை இருக்கும்போது யாரு கை வைக்கணுமோ அவங்க தோத்தாங்க. எப்படி ஆடினாலும் தோத்தாங்க.

அப்போ எட்டு? நாலு நாலாக் குறைஞ்சு நாலுக்கு வந்துடும். அதுவும் தோல்வி. பன்னெண்டு? தோல்வி. பதினாறு? தோல்வி.

இருபது?

மாயக்கா இருபது கொட்டையையும் பரப்பிப் பார்த்தா. இருபதும் தோல்வி. இருபது கல்லு இருக்கும்போது மொதல்ல எடுக்கிறவன் தோத்தான். அதான் அந்தத் திருட்டுப் பூதம் வந்தவங்கதான் மொதல்ல, வந்தவங்கதான் மொதல்லன்னு மரியாதை காட்டுது!

விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஆனா தெரிஞ்சு என்ன பண்ண? அது மொதல்ல எடுக்காது. கல்லும் இருபதுதான். கதவைக் கண்டுபிடிச்சாச்சு, கதவு பூட்டியிருக்கு. அவ அழுதுட்டா. கொஞ்ச நேரம்தான். அப்புறம் கூடையைத் தூக்கினா. பணியாரம் ஆறிடுமே.

கரைக்குப் போனா. பூதம் எண்ண ஆரம்பிச்சுது. லபக், லபக். தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது. நூறு.

"கொசுறு எங்கே?"

மாயக்கா பணியாரத்தை எடுத்தா. கை அப்படியே அந்தரத்துல நின்னுபோச்சு.

ஏன் நின்னுச்சு? சொல்லு பார்ப்போம். தெரியலையா? அப்போ கேளு.

பணியாரத்தைக் கொடுத்தா. பூதம் அதை மென்னு முடிக்கிற வரைக்கும் பொறுமையா நின்னா. அப்புறம், "பூதமே, மூணாவது ஆட்டம் நான் ஆடுறேன்"னா.

கரையெல்லாம் கசகசன்னு ஆயிடுச்சு. "ஏய் மாயக்கா, வாடி இங்க!"ன்னு பின்னாலயே வந்திருந்த அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. "ஏழு தம்பி, ஏழு தம்பி!"ன்னு ஒண்டிவீரு அலறினான். குடையோட திரும்பி வந்து நின்ன வாத்தியார், "முதல்ல பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு!"ன்னார்.

பூதம் குனிஞ்சு பார்த்துச்சு. "நீயா? அரைக்கால் படி உசரம்கூட இல்லை. சரி, உட்காரு அக்கா."

பார்த்தியா, அக்கான்னுருச்சு.

"நீ மொதல்ல எடு"ன்னா மாயக்கா.

"வந்தவங்கதான் மொதல்ல!"

"சரி. கல்லை எண்ணி வை."

பூதம் வெச்சுது. டொக். டொக். டொக். பதினெட்டு. பத்தொம்பது. இருபது. கையைத் தட்டிக்கிச்சு. "ம், எடு."

மாயக்கா எடுக்கலை. கையை இடுப்புல வெச்சுக்கிட்டா. பூதம் மாதிரியே கண்ணை உருட்டினா. ஊருக்கே கேக்குற மாதிரி ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"கொசுறு எங்கே?"

பூதம் இருபது கல்லையும் குனிஞ்சு பார்த்துச்சு.

"க... கல்லுக்கு எதுக்கு கொசுறு?"

"எண்ணிக் கொடுத்தியா இல்லையா?"

"கொடுத்தேன்..."

"எண்ணிக் கொடுத்தா மேல ஒண்ணு வைக்கணும். இப்பத்தானே என்கிட்ட வாங்கித் தின்னே? வாயோரத்துல இன்னும் ஒட்டிட்டு இருக்கு. துடை!"

கரையில இருந்து ஒரு கிழவி கத்தினா, "வைடா கொசுறு!" ஒண்டிவீரு கத்தினான், "வை கொசுறு!" அப்புறம் ஊரே கத்துச்சு, "கொசுறு! கொசுறு! கொசுறு!" பூதம் இந்தப் பக்கம் பார்த்துச்சு, அந்தப் பக்கம் பார்த்துச்சு. அதுக்கு அழுகை வந்துடுச்சு. பழக்கம்னா பழக்கம்தானே. இன்னொரு கல்லை எடுத்து டொக்குன்னு வெச்சுது.

இப்போ எத்தனை?

இருபத்தொண்ணு!

கத்தாதே. ஆமா, இருபத்தொண்ணு. மாயக்கா சிரிச்சுக்கிட்டே ஒரே ஒரு கல்லை எடுத்து மடியில போட்டுக்கிட்டா. அந்தக் கொசுறுக் கல்லைத்தான் எடுத்தா. மிச்சம் இருபது. "நான் எடுத்துட்டேன். இப்போ நீ."

இருபது கல்லு. பூதத்தோட முறை. அதுக்கு விளங்கிருச்சு. காது ரெண்டும் வாடின வெத்தலை மாதிரி தொங்கிப்போச்சு.

ரெண்டு எடுத்துச்சு. அவ ரெண்டு. பதினாறு. மூணு எடுத்துச்சு. அவ ஒண்ணு. பன்னெண்டு. ஒண்ணு எடுத்துச்சு. அவ மூணு. எட்டு. ரெண்டு எடுத்துச்சு. அவ ரெண்டு. நாலு! நாலே கல்லு! பூதம் ஒரு கல்லைத் தொட்டுச்சு, விட்டுச்சு. ரெண்டைத் தொட்டுச்சு, விட்டுச்சு. மூணைத் தொட்டுச்சு, விட்டுச்சு. கடைசியில கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்துச்சு.

மாயக்கா மூணையும் வாரினா. சரக்!

"கடைசிக் கல்லு என்னுது!"

ஏய், எகிறாதே, கட்டில் உடையும்! பூதம் எழுந்துச்சு. ப்ளக்குன்னு, பாட்டில்ல இருந்து தக்கை புடுங்கின மாதிரி! பின்னாலயே தண்ணி. ஹோன்னு வருது. சலசலசலன்னு வாய்க்கால்ல ஓடுது. தவளையெல்லாம் தத்துது, வாத்தியார் குடை மிதந்து போகுது, மாயக்கா தண்ணிக்கு முன்னால ஓடுறா. ஓடி, மொத வாழைமரத்தைப் போய்க் கட்டிக்கிட்டா. தண்ணி வந்து அவ காலை நனைச்சுது, அப்புறம் மரத்து வேரை நனைச்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, முப்பது மரத்துக்கும் போச்சு. ஒரு குலை விழலை.

பூதம் போறப்போ திரும்பிப் பார்த்துக் கேட்டுச்சு, "அக்கா, ஒரு பணியாரம் இருக்கா?" ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. கொடுத்தா. வாங்கிட்டு அடுத்த மலைக்குப் போயிடுச்சு.

கதை அவ்வளவுதான். தண்ணியும் வந்தாச்சு, தூக்கமும் வரட்டும். கண்ணை மூடு.

என்ன?

கொசுறா? சரிதான், உனக்கும் ஒட்டிக்கிச்சா. ஒண்ணே ஒண்ணு தரேன், வாங்கிக்கிட்டுத் தூங்கு. அன்னிக்குச் சாயங்காலம் அந்த மதகுல ஒரு பேரு வெட்டினாங்க. ஒண்டிவீரு கல்லு கொத்தினான், வாத்தியார் எழுத்துப் பிழை பார்த்தார். அதுல இருக்கிறது ஒரே பேருதான்.

மாயக்கா.